நண்டுக்கு யார் டிக்கெட் எடுத்தது?

அத்தியாயம் ஐந்து

விமானத்தில் ஏற வேண்டும் என்று எந்த நண்டும் கனவு கண்டதாகத் தகவல் இல்லை. இருந்தும் மன்னார் எருக்கலம்பிட்டிக் களிநண்டுகள் சிங்கப்பூருக்குப் பறந்துகொண்டிருந்தன. உயிரோடு, காலைக் கட்டி, ஈரச்சாக்கு போர்த்தி, ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிக்குள் சாய்ந்தபடி. மன்னாரிலிருந்து கொழும்புவரை பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற சனங்களுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். நண்டுகள் எவ்வளவு மலிவாகப் பறந்தன என்று தெரிந்தால் இன்னும் எரியும்.

அந்த மலிவைப் பற்றித்தான் கொழும்பில் ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு நண்டு ஏற்றும் கம்பனிகள் இரண்டு. ஒன்று நம் நாட்டு நீலவிங்ஸ். மற்றது றிமால் எயர், ஒரு பாலைவன நாட்டு அரசாங்கத்தின் சொந்தக் கம்பனி. அதன் விமானம் ஊரிலிருந்து கிளம்பி, வழியில் கட்டுநாயக்காவில் இறங்கி, இங்குள்ள சரக்கையும் அள்ளிக்கொண்டு சிங்கப்பூர் போகும். றிமால் தன் அரசாங்கத்தின் எண்ணெய்க் காசை வைத்துக்கொண்டு அடிமாட்டு விலைக்குச் சரக்கு ஏற்றுகிறது, எங்கள் வாடிக்கையாளர் எல்லாம் அங்கே ஓடிவிட்டார்கள், இது நியாயமான போட்டியா என்று நீலவிங்ஸ் முறைப்பாடு செய்திருந்தது. முறைப்பாடு நிரூபணமானால் றிமால் ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் தண்டவரி. தண்டவரி வந்தால் றிமால் இந்தப் பக்கம் சரக்கு ஏற்றுவதையே விட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நீலவிங்ஸுக்கு நன்றாகவே தெரியும்.

நிறஞ்சலாவை வேலைக்கு அமர்த்தியதும் நீலவிங்ஸ்தான். அவள் முன்பு சுங்கத் திணைக்களத்தில் இருந்தவள். மேலதிகாரி கைகாட்டிய பெட்டிகளை விட்டுவிட்டு, அவர் கைகாட்டாத பெட்டிகளைத் திறந்து பார்க்கும் கெட்ட பழக்கம் இருந்ததால் அங்கே நீடிக்க முடியவில்லை. இப்போது மன்னார் நகரில் ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை, ஓர் உதவியாளன் என்று சொந்தமாகத் துப்பறிகிறாள். ஆள் கறார், பொய் எழுதித் தரமாட்டாள் என்று கொழும்புவரை பெயர். நீலவிங்ஸின் வர்த்தகப் பணிப்பாளர் றெனால்ட் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் கூப்பிட்டிருந்தார். மன்னாரில் றிமால் என்ன விலைக்கு நண்டு ஏற்றுகிறது என்று மட்டும் விசாரித்து எழுதித் தந்தால் போதும், மற்றதெல்லாம் எங்கள் பாடு என்று அவர் சொல்லியிருந்தார். அந்த "மற்றதெல்லாம்" தான் நிறஞ்சலாவுக்கு உறுத்தியது. விலை குறைந்திருக்கிறது என்றால் குறைந்த பங்கை யாரோ கட்டுகிறார்கள். அந்த யாரோ யார் என்று கேட்க வேண்டாம் என்கிறாரே, ஏன்?

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் மன்னார் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில் இருந்து, கொழும்பு விசாரணைக்குக் காணொளி மூலம் ஒரு சாட்சி பேச வேண்டியிருந்தது. ஸில்மியா. எருக்கலம்பிட்டியில் நண்டு வாங்கிக் கட்டி அனுப்பும் வாடி வைத்திருப்பவள். அதற்கு முன் அவளைப் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலேயே நிறஞ்சலா காரை எடுக்கச் சொன்னாள்.

காரை ஓட்டியவன் றொட்னி. வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் சில வருடங்கள் சரக்கு ஏற்றி இறக்கிவிட்டு வந்தவன். அங்கே வாயைத் திறக்கவே விடவில்லை போலும், அந்தப் பாக்கியை எல்லாம் இங்கே தீர்த்துக்கொண்டிருந்தான். தலைமன்னார் வீதியில் இரண்டு கழுதைகள் குறுக்கே நின்று முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருந்தன. ஹோர்ன் அடித்தும் நகரவில்லை.

"அக்கா, நியாயமான போட்டி எண்டா இதுதான். ரெண்டு கழுதை, ஒரு றோட்டு. ஒண்டுக்கும் அரசாங்கம் காசு குடுக்கேல்லை."

நிறஞ்சலா சிரிக்கவில்லை. றொட்னிக்கு அது பழகிப்போனது. கழுதைகள் ஒருவழியாக உடன்பாட்டுக்கு வந்து விலகின. அவன் வழக்கமான தன் முறைப்பாட்டை ஆரம்பித்தான். போன கிழமை செவ்வாய்க்கிழமை றெனால்ட் வரச் சொல்லி இவர்கள் விடியமுன் எழும்பிக் கொழும்புக்குப் போனால், நீலவிங்ஸ் கந்தோர் இழுத்து மூடியிருந்தது. கம்பனி தொடங்கிய ஆண்டு விழாவாம். முதல் நாள் இரவு முழுக்கப் பிக்குகள் வந்து பிரித் ஓதியதால் அன்று எல்லோருக்கும் விடுமுறையாம். காவலாளி பாவப்பட்டு ஆளுக்கொரு துண்டு பால்சோறும் வாழைப்பழமும் தந்து அடுத்த நாள் வரச் சொல்லி அனுப்பினான். வாடிக்கையாளர் எல்லாம் ஓடிவிட்டார்கள் என்று அழுகிற கம்பனிக்கு வருகிறவனுக்குக் கதவைத் திறந்து விடவும் ஆள் இல்லை என்பது றொட்னியின் கட்சி.

ஸில்மியாவின் வாடி கடற்களப்புக் கரையில் இருந்தது. தகரக் கூரை, சீமெந்துத் தொட்டி, உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள். எருக்கலம்பிட்டிப் பெண்பிள்ளைகளோடு ஓலைத்தொடுவாயிலிருந்து வருகிற பிள்ளைகளும் இருந்தார்கள். நண்டின் முதுகை மிதியடிக் காலால் மெல்ல அமுக்கிப் பிடித்து, இரண்டு கொடுக்கையும் மடக்கி, நைலோன் கயிற்றால் ஒரே சுற்றில் கட்டிப் போட்டார்கள். றொட்னி ஒரு நண்டை எட்டிப் பார்த்தான். பிறகு தன் விரல்களை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டு பின்னால் நின்றான்.

ஸில்மியாவுக்கு நாற்பது வயதிருக்கும். தொண்ணூறாம் ஆண்டில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட குடும்பம். புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே கணவனையும் இழந்து, பிறகு இரண்டு பிள்ளைகளோடு தாய்மண்ணுக்குத் திரும்பி இந்த வாடியைப் போட்டவள். அவள் நிறஞ்சலாவைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு நின்றபடியே பேசினாள். பயத்தில் இருந்தாள். அதை மறைக்கவும் இல்லை.

"மிஸ், என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கினம். குர்ஆனில கை வைச்சு, நான் மலிவு விலைக்குத்தான் அனுப்புறன் எண்டு சொல்லோணும். அது உண்மைதான். ஆனா அந்த உண்மையைச் சொன்னா றிமாலுக்கு வரி. றிமால் போனா நீலவிங்ஸ் மட்டும்தான். தனிய நிக்கிறவன் என்ன விலை வைப்பான் எண்டு எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளையள் எல்லாத்தையும் வீட்டை அனுப்போணும். நான் இன்னொருக்கா பெட்டி கட்டிக்கொண்டு புத்தளம் போகமாட்டன்."

கயிறு கட்டிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் ஒரு கணம் நின்று மறுபடி ஓடின.

நிறஞ்சலா ஆறுதல் சொல்லத் தெரியாதவள். அதனால் கேள்வி கேட்டாள். மலிவு விலையை யார் தருகிறார்கள், எப்படித் தருகிறார்கள்? ஸில்மியா விளக்கினாள். மன்னார் நகரில் வலன்ரைன் என்று சரக்கு முகவர் ஒருவர். முந்தி எல்லா நண்டையும் அவர் மூலம் நீலவிங்ஸில்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவர் வந்து, றிமாலின் தலைமைக் கந்தோர் மன்னார் நண்டுக்கு விசேஷ விலைக்குறைப்புத் தருகிறது, அங்கே மாறுங்கள் என்றார். மாறினாள். மற்ற வாடிக்காரரும் மாறினார்கள். ஆனால் அந்தக் குறைப்பு நிலையானதில்லை. அனுப்புகிற ஒவ்வொரு நாளும் காலையில் தலைமைக் கந்தோரிலிருந்து புதிதாகச் சொல்லி வர வேண்டுமாம். வந்தால் மலிவு. வராவிட்டால் முழு விலை.

வராத நாளும் உண்டா என்று நிறஞ்சலா கேட்டாள்.

அதிகம் இல்லை என்றாள் ஸில்மியா. வெள்ளிக்கிழமையில் தவறவே தவறாது. ஜும்மா முடிந்துதான் பெட்டி கட்டுவார்கள், அதற்குள் சொல்லி வந்துவிடும். முழுநிலவுப் போயா விடுமுறைக்கு மட்டும் வராது.

"போயாவுக்கு எல்லாம் பூட்டுத்தானே மிஸ். அதை நாங்களும் எதிர்பார்க்கிறேல்லை. நிலவுக்கு நண்டும் சதை வத்திப் போயிருக்கும், கொஞ்சந்தான் அனுப்புறது."

வேறு நாள்? ஸில்மியா யோசித்தாள். போன கிழமை செவ்வாய் என்றாள். அன்று போயாவும் இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல சரக்கு, பெட்டி நிறைய. வலன்ரைனுக்குக் கோல் எடுத்தால், மேலிடத்தில் ஒருவரும் போனைத் தூக்குகிறார்கள் இல்லை என்கிறார். முழு விலை கட்டித்தான் அனுப்பினாள். மிச்சம் வந்தது கொஞ்சம்தான், ஆனால் கையைக் கடிக்கவில்லை.

நிறஞ்சலா எழுந்தாள். ஸில்மியாவிடம், கச்சேரியில் சந்திக்கிறேன், அதுவரை யாரோடும் இதைப் பேச வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். றொட்னிக்கு ஏமாற்றம். அவன் இன்னும் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லி முடிக்கவில்லை.

கார் பிரதான வீதிக்கு ஏறியது. நிறஞ்சலா, வளைகுடாவில் வாரவிடுமுறை எந்த நாள் என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை என்றான் றொட்னி. அன்று கந்தோரும் பூட்டு, கடையும் பாதி பூட்டு. அவன் இருந்த கட்டிடத்தில் வெள்ளிக்கிழமை சம்பளப் பிரச்சினை என்று போனால் பதில் சொல்ல மேசைதான் இருக்கும், ஆள் இருக்காது.

அப்படியென்றால் போயாவுக்கு?

"அங்க ஒட்டகத்துக்குக்கூடப் போயா எண்டா என்னெண்டு தெரியாது அக்கா. முழுநிலவு வந்தா ஒரே ஒரு ஆள்தான் கவலைப்பட்டவன். நான். லீவு இல்லையே எண்டு."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கார் கொஞ்சம் வேகம் குறைந்தது.

நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கும் போயா என்பது ஒரு தகவலாகவே படுவதில்லை. வங்கி பூட்டு, கந்தோர் பூட்டு, இறைச்சிக்கடை பூட்டு, சாராயக்கடை பூட்டு. முழுநிலவு வந்தால் உலகமே பூட்டு என்று சின்ன வயதிலிருந்தே பழகிவிட்டது. சைவக்காரர், வேதக்காரர், இஸ்லாமியர் என்று பேதமில்லாமல் எல்லோரும் அந்த லீவைப் பக்தியோடு எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் பாலைவனத்தில் இருக்கிற ஒரு தலைமைக் கந்தோர், தன் சொந்த வாரவிடுமுறையான வெள்ளிக்கிழமை ஒழுங்காக வேலை செய்துவிட்டு, நம்முடைய போயாவுக்கு லீவு எடுக்கிறது என்பது ஸில்மியாவுக்கோ மற்ற வாடிக்காரருக்கோ விசித்திரமாகத் தெரியவில்லை. குறைப்பைத் தந்தவனுக்கும் அது தெரியவில்லை. அவனும் இந்த நாட்டுக்காரன்தானே.

"அப்ப கொழும்பில ஒரு கந்தோர்," என்றான் றொட்னி. "கொழும்பில கந்தோருக்கோ பஞ்சம்?"

"போன கிழமை செவ்வாய் பூட்டியிருந்த கந்தோர்," என்றாள் நிறஞ்சலா.

றொட்னி வாயைத் திறந்தான். பால்சோற்றின் ருசி ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டான்.

இது நம்பமுடியாத விஷயம் என்பது நிறஞ்சலாவுக்கும் தெரிந்தது. எதிராளி அரசாங்கக் காசில் மலிவாக விற்கிறான் என்று முறைப்பாடு செய்தவனே, அந்த மலிவுக்குக் காசு கட்டுவதா? ஆனால் யோசிக்க யோசிக்கப் பொருந்தியது. முறைப்பாடு செய்தாயிற்று. மலிவு விலைக்குச் சாட்சி வேண்டும், ஓடிப்போன வாடிக்கையாளர் வேண்டும். றிமால் ஒத்துழைத்து விலையைக் குறைக்கிறதாக இல்லை. அப்படியென்றால் அதன் பெயரில் நாமே குறைக்க வேண்டியதுதான். பிறகு கறாரான ஒரு துப்பறிவாளரைப் பிடித்து, மலிவு உண்மைதான் என்று எழுதி வாங்க வேண்டும். றெனால்ட் விலைக்கு எடுத்தது அவளுடைய மூளையை அல்ல, பெயரை. இவ்வளவு காலம் சேர்த்து வைத்த ஒரே சொத்து அதுதான்.

இரண்டு நாள் தற்செயலாகவும் பொருந்தலாம். உறுதிப்படுத்த வேண்டும்.

வலன்ரைனின் கடை மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்தது. வாசலில் இரண்டு பெயர்ப்பலகை. றிமாலின் பலகை புதிது, ராத்திரியில் வெளிச்சம் போடுகிற ரகம். நீலவிங்ஸின் பலகை பழையது, அதன் இறக்கையில் காகம் இருந்தது. வலன்ரைன் ஐம்பதைத் தாண்டிய, நல்ல கொலர் வைத்த சேட் போட்ட, கோயில் திருவிழாக் குழுவில் எப்போதும் பொருளாளராக இருக்கிற மாதிரியான மனிதர். இவர்களுக்கு நெக்டோ சோடா வரவழைத்துக் கொடுத்தார். றிமால் மேலிடம் எவ்வளவு தாராளமானது என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

நிறஞ்சலா கேட்டுக்கொண்டே சோடாவைக் குடித்தாள். குடித்து முடித்து, போத்தலை மேசையில் வைத்துவிட்டு, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னாள்.

"ஓம் அண்ணை, மறந்து போனன். இண்டையோட குறைப்பை நிப்பாட்டச் சொல்லி றெனால்ட் சேர் சொன்னவர்."

"நிப்பாட்டவோ?" வலன்ரைன் முகம் சுருங்கியது. "விசாரணை முடியும்வரைக்கும் எண்டெல்லோ எனக்குச் சொன்னவர். காலமைகூடக் காசு வந்ததே."

வலன்ரைன் தான் சொன்னதைத் தானே இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்பது போல இருந்தார்.

"அண்ணை," என்றான் றொட்னி மிகவும் மரியாதையாக, "றெனால்ட் சேர் எப்ப றிமாலில வேலைக்குச் சேர்ந்தவர்?"

அதற்குப் பிறகு வலன்ரைன் மறைக்க முயலவில்லை. தலையைக் கையில் தாங்கிக்கொண்டு சொன்னார். றிமால் தன் முழு விலையைத்தான் வாங்குகிறது, ஒரு சதம் குறைத்ததில்லை. வாடிக்காரர் குறைத்துக் கட்டுகிற பங்கைக் காலையில் றெனால்ட் கந்தோருக்கு வந்ததும் தன் கையால் அனுப்பி வைப்பார். இதில் யாருக்கு நட்டம் என்று அவரே திருப்பிக் கேட்டார். வாடிக்காரருக்கு மலிவு, பிள்ளைகளுக்கு வேலை, றிமாலுக்குச் சரக்கு, தனக்குத் தரகு, றெனால்டுக்குச் சாட்சி. ஊருக்கே நன்மையாக நடந்த ஒரே மோசடி இதுதான் என்பது போலப் பேசினார். நீலவிங்ஸுக்கு இவ்வளவு காசு எங்கிருந்து என்று நிறஞ்சலா கேட்டாள்.

"அதை நானும் கேட்டனான், பிள்ளை. பயப்படாதை வலன்ரைன், இது எங்கட காசில்லை எண்டவர். வெளிநாட்டுப் போட்டியில நொந்துபோன கம்பனி எண்டு அரசாங்கம் நிவாரணம் குடுத்ததாம். அந்தக் காசு."

றொட்னி தன்னை மறந்து சிரித்தான். நிறஞ்சலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் அரசாங்கத்தின் காசு நண்டோடு பறக்கிறது என்ற முறைப்பாடு முழுக்க முழுக்க உண்மை. எந்த அரசாங்கம் என்பதில்தான் சின்னத் தவறு. வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கிய சனம் கட்டிய வரி, நிவாரணமாகி, நீலவிங்ஸுக்குள் நுழைந்து, வலன்ரைன் கைமாறி, பாலைவன நாட்டு ராஜாவின் கஜானாவில் போய் விழுந்துகொண்டிருந்தது.

இன்னொன்றையும் வலன்ரைன் சொன்னார், கேட்காமலே. நீலவிங்ஸ் வாங்கிய புது விமானம் எண்ணெய் குறைவாகக் குடிக்கிறதாம். அதனால் அதன் சாதாரண விலையே இப்போது றிமாலின் முழு விலையைவிடக் குறைவு. ஆனால் அது ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் றிமாலுக்குப் போய்விட்டதால் இங்கே வந்து நீலவிங்ஸ் விலையைக் கேட்க ஆளில்லை. நான் சொன்னேன் என்று மட்டும் எங்கும் சொல்லிவிடாதீர்கள், கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன் என்று கும்பிட்டார். அவர் சொன்னபடியே செய்வார் என்பது கும்பிட்ட விதத்திலேயே தெரிந்தது.

நிறஞ்சலா சாட்சிப் பட்டியலில் இல்லை. ஆகவே விசாரணையில் இதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் மிச்சம்.

கச்சேரி விறாந்தையில் ஸில்மியா கறுப்பு அபாயாவோடு மர வாங்கில் அமர்ந்திருந்தாள். நிறஞ்சலா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். ஸில்மியா முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டாள். இவ்வளவு காலமும் தன் கெட்டித்தனத்தால்தான் வியாபாரம் ஓடுகிறது என்று நினைத்திருந்தாளாம். தன் இரண்டு பிள்ளைகளிடம்கூட அப்படித்தான் சொல்லியிருந்தாளாம். அவளுக்கு அதுதான் பெரிய வலியாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டு விலையை மட்டும் சொன்னால் றிமாலுக்கு வரி வரும், நீலவிங்ஸ் தனித்து நிற்கும். முழு உண்மையையும் சொன்னால் வரி வராது, இரண்டு கம்பனியும் இருக்கும், ஆனால் இன்றைக்கே குறைப்பு நின்றுவிடும். எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, முடிவு உங்களுடையது என்றாள் நிறஞ்சலா.

"உங்கட சம்பளமும் அவர்தானே தாறவர், மிஸ்?"

"ஓம்."

"இனித் தரமாட்டார்."

"மாட்டார்."

ஸில்மியா எழுந்து உள்ளே போனாள்.

காணொளித் திரையில் விசாரணைக்குழுவின் தலைவி தெரிந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி, மட்டக்களப்புக்காரி. இன்னொரு கட்டத்தில் றெனால்ட். கோட்டு, கழுத்துப்பட்டி, பின்னால் தன் கம்பனி விமானத்தின் படம். கம்பனிச் சார்பில் அவரே கேள்வி கேட்டார். கொழும்புக் கொட்டாஞ்சேனைத் தமிழ், இனிமையான குரல். பாலைவன ராட்சதனிடமிருந்து ஏழை நாட்டுக் கம்பனியைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆரம்பித்தபோது, மூலையில் நின்ற றொட்னி சிரிப்பை அடக்கப் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

நீங்கள் கட்டுவது றிமாலின் அச்சடித்த விலையைவிடக் குறைவா? குறைவு என்றாள் ஸில்மியா. மிகவும் குறைவா? மிகவும். அந்தக் குறைப்புக்காகத்தானே எங்களை விட்டுப் போனீர்கள்? அதற்காகத்தான். றெனால்ட் தலைவியைப் பார்த்துப் புன்னகை செய்து, நன்றி, அவ்வளவுதான் என்றார்.

"அவ்வளவு இல்லை சேர்," என்றாள் ஸில்மியா. "மேடம், அந்தக் குறைப்பு போயாவுக்கு வாறதில்லை."

அதனால் என்ன என்பது போலத் தலைவி பார்த்தார். போயாவுக்கு எல்லாம் பூட்டுத்தானே என்று அவர் வாயிலும் வந்தது. வந்த வேகத்தில் நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, றிமாலின் தலைமைக் கந்தோர் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார்.

"வெள்ளிக்கிழமை அவங்கட ஊரில லீவு, மேடம். ஆனா வெள்ளிக்கிழமை எனக்குக் குறைப்பு வரும். போயா எங்கட ஊரில லீவு. அண்டைக்கு வராது." ஸில்மியா றெனால்டின் கட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "போன கிழமை செவ்வாய் நாட்டில ஒரு கந்தோரும் பூட்டேல்லை, நீலவிங்ஸ் கந்தோரைத் தவிர. பிரித் ஓதி லீவு விட்டவை. அண்டைக்கும் எனக்கு முழு விலை. சேர், மற்ற நாளெல்லாம் என்ர நண்டுக்கு மிச்சக் காசைக் கட்டினது நீங்கள்தானே?"

திரையில் றெனால்ட் அசையாமல் இருந்தார். இணைப்பு உறைந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். அவர் பின்னால் யாரோ நடந்து போனபோதுதான் உறைந்தது இணைப்பு இல்லை என்று தெரிந்தது. பிறகு அவருடைய கட்டம் கறுத்துப் போனது. தலைவி நீலவிங்ஸின் வங்கிக் கணக்குகளையும் நிவாரணக் காசின் செலவையும் வரவழைக்கும்படி உத்தரவிட்டு, றிமால்மீதான முறைப்பாட்டை அப்படியே நிறுத்தி வைத்தார்.

வெளியே வந்தபோது ஸில்மியாவின் போன் அடித்தது. வலன்ரைன். விறாந்தை முழுக்கக் கேட்கிற குரல். கொழும்பிலிருந்து இப்போதுதான் சொல்லி வந்தது, குறைப்பு இனி இல்லை, இன்றைய பெட்டிகளுக்கும் சேர்த்துத்தான், காலையில் வந்த காசையும் திருப்பிக் கேட்கிறார்கள், லொறி வாடி வாசலில் நிற்கிறது, றிமாலின் முழு விலைக்கு ஏற்றுவதா விடுவதா என்று கேட்டார். நண்டு காத்திருக்காது.

ஸில்மியா தூணில் சாய்ந்துகொண்டாள். உண்மையைச் சொல்ல வைத்ததற்கான பில் இவ்வளவு கெதியில் வரும் என்று நிறஞ்சலா எதிர்பார்க்கவில்லை.

"நீலவிங்ஸ் இண்டைக்கு என்ன விலை?" என்று ஸில்மியா போனில் கேட்டாள்.

வலன்ரைன் சொன்னார். அவள் திரும்பவும் கேட்டாள். அவர் திரும்பவும் சொன்னார். அவள் உதடு அசைய மனக்கணக்குப் போட்டாள்.

"அதில ஏத்துங்கோ."

றொட்னியால் பொறுக்க முடியவில்லை. உங்களை இவ்வளவு தூரம் ஏமாற்றியவர்களிடமே போய் நண்டைக் கொடுக்கிறீர்களா என்று கேட்டான்.

"ஏமாத்தினது றெனால்ட், தம்பி. விலை என்ன பாவம் செய்தது?" ஸில்மியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு கம்பனியும் நிண்டாத்தான் இந்த விலை இப்படியே நிக்கும். இதை முதலே அவர் வந்து என்னட்டச் சொல்லியிருந்தா, நான் றிமால் பக்கம் திரும்பியும் பார்த்திருக்கமாட்டன்."

பிறகு வாடிக்கு அழைப்பெடுத்து, பெட்டிகளில் ஒட்டிய றிமால் துண்டுகளை உரித்துவிடச் சொன்னாள். பிள்ளைகள் ஒருவரும் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டாம், நாளைக்கும் வேலை இருக்கிறது என்றும் சொன்னாள்.